சுமைக்கூலி முக்கால் பணம்

நொடிக்கு 10 ஜிகாபிட் ஓடும் ஈதர்நெட் கம்பியில் ஒரு பாக்கெட்டுக்கும் அடுத்த பாக்கெட்டுக்கும் நடுவே எவ்வளவு நேரம் இருக்கும்? கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஈதர்நெட்டின் மிகச் சிறிய ஃபிரேம் 64 பைட். "இதோ வருகிறேன்" என்று அறிவிக்க அதற்கு முன்னால் 8 பைட். ஒரு ஃபிரேம் முடிந்து அடுத்தது தொடங்குமுன் விட்டாக வேண்டிய இடைவெளி 12 பைட். ஆக மொத்தம் 84 பைட், அதாவது 672 பிட். நொடிக்கு 1,000 கோடி பிட் போகும் கம்பியில் இது கடக்க 67.2 நானோ நொடி ஆகும். சின்னச் சின்ன பாக்கெட்டுகளாகவே கம்பி நிரம்பினால், நொடிக்கு 1 கோடியே 48 லட்சத்து 80 ஆயிரம் பாக்கெட்டுகள் வந்து விழும்.

3 ஜிகாஹெர்ட்ஸ் ப்ராசசரின் ஒரு கோருக்கு 67.2 நானோ நொடி என்பது சுமார் 200 துடிப்பு. கேஷில் இல்லாத ஒரு தகவலுக்காக முதன்மை நினைவகம் வரை ஒருமுறை போய்வந்தாலே ஏறத்தாழ 100 நானோ நொடி போய்விடும். அதாவது ஒரே ஒரு நினைவகப் பயணத்துக்குள் அடுத்த பாக்கெட் வாசலில் வந்து நிற்கும்.

இத்தாலியின் பீசா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூயிஜி ரிட்சோ, 2012இல் வெளியிட்ட ஓர் ஆய்வுக் கட்டுரையில் இதன் மறுபக்கத்தை அளந்து காட்டினார். ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தில் ஒரு நிரல் சாதாரண சாக்கெட் வழியாக ஒரு சிறிய யுடிபி பாக்கெட்டை அனுப்பினால், அது நெட்வொர்க் கார்டை எட்ட சுமார் 950 நானோ நொடி ஆனது. கம்பி தரும் அவகாசத்தைப் போல 14 மடங்கு. இந்த இடைவெளியிலிருந்துதான் "கெர்னலே வேண்டாம், நானே கார்டோடு பேசிக்கொள்கிறேன்" என்ற யோசனை வலுப்பெற்றது. இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலைத் தாண்டிப் போகும் இந்த வழிக்குப் பெயர் கெர்னல் பைபாஸ். அது யாருக்குப் பயன்படும், யாருக்கு வீண் செலவு என்பதே இந்த அத்தியாயத்தின் கேள்வி.

950 நானோ நொடி எங்கே போகிறது?

அந்த 950 அனுப்பும் திசையின் செலவு, வரும் திசையிலும் அடுக்குகள் ஏறக்குறைய அவையேதான். ஒரு பாக்கெட் வந்து சேரும் வழியைக் கூடவே நடந்து பார்ப்போம். நெட்வொர்க் கார்டு அதைப் பெற்று, ப்ராசசரைக் கேட்காமலே நினைவகத்தில் ஒதுக்கிவைத்த ரிங் பஃபரில் எழுதிவிடுகிறது. பிறகு இன்டரப்ட் அனுப்பி ப்ராசசரைக் கூப்பிடுகிறது. ப்ராசசர் செய்துகொண்டிருந்த வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டு வருகிறது. கெர்னல் அந்தப் பாக்கெட்டுக்கு ஒரு விவரக் குறிப்பு தயாரிக்கிறது. அடுத்து ஐபி அடுக்கு முகவரியைப் பார்க்கிறது, ஃபயர்வால் விதிகள் ஒவ்வொன்றாக ஒப்பிடப்படுகின்றன, டிசிபி அல்லது யுடிபி அடுக்கு எந்த சாக்கெட்டுக்கு உரியது என்று தேடுகிறது. பாக்கெட் அந்த சாக்கெட்டின் வரிசையில் போய் நிற்கிறது. தூங்கிக்கொண்டிருக்கும் நிரலை எழுப்ப வேண்டும். எழுந்த நிரல் சிஸ்டம் கால் செய்து "எனக்கு வந்ததைக் கொடு" என்று கேட்கும்போது, பைட்டுகள் கெர்னலின் நினைவகத்திலிருந்து நிரலின் நினைவகத்துக்கு நகலெடுக்கப்படுகின்றன.

லினக்ஸ் கெர்னலில் அந்த விவரக் குறிப்பு மட்டுமே 200 பைட்டுக்கு மேல். பாக்கெட்டோ 64 பைட். சுண்டைக்காய் கால் பணம், சுமைக்கூலி முக்கால் பணம் என்பார்களே, அதை எழுத்துக்கு எழுத்து இங்கே பார்க்கலாம்.

ரிட்சோவின் அளவீட்டில் கவனிக்க வேண்டிய விஷயம், பெருந்தீனிக்காரன் என்று யாரையும் தனியாகக் கைகாட்ட முடியவில்லை என்பதுதான். சிஸ்டம் கால் கொஞ்சம், பஃபர் ஒதுக்கீடு கொஞ்சம், யுடிபி கொஞ்சம், ஐபி கொஞ்சம், ஈதர்நெட் கொஞ்சம், கார்டின் டிரைவர் கொஞ்சம் என்று எல்லா அடுக்கும் ஆளுக்கொரு பங்கு எடுத்துக்கொண்டன. ஒரு அடுக்கைச் செதுக்கிச் சீராக்கினால் மட்டும் 950 என்பது 67 ஆகிவிடாது.

1983இல் போட்ட ஒப்பந்தம்

சாக்கெட் பிறந்தது கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில். 1983இல் வெளிவந்த 4.2பிஎஸ்டி யூனிக்ஸ் அதை உலகுக்குக் கொடுத்தது. கோப்பைத் திறப்பது, படிப்பது, எழுதுவது, மூடுவது போலவே நெட்வொர்க்கையும் கையாளலாம் என்பதுதான் அதன் அழகு. நிரலர் கையில் ஒரு எண் மட்டும் இருக்கும். அந்த எண்ணுக்குப் பின்னால் நடக்கும் அத்தனையும் கெர்னலின் பொறுப்பு.

அன்றைய வேக்ஸ் போன்ற கணினிகளைப் பலர் ஒரே நேரத்தில் பங்கிட்டுக்கொண்டார்கள். ஒருவருடைய கடிதத்தை இன்னொருவருடைய நிரல் படித்துவிடக் கூடாது. ஒருவருடைய பிழையால் எல்லோருடைய இணைப்பும் அறுந்துவிடக் கூடாது. அதனால் கார்டு கெர்னலுக்கு மட்டுமே சொந்தம், மற்றவர்கள் கேட்டுப் பெற வேண்டும் என்ற ஏற்பாடு இயல்பாகவே வந்தது.

அன்றைய ஈதர்நெட் நொடிக்கு 10 மெகாபிட். மேலே போட்ட அதே கணக்கைப் போட்டால் இரண்டு சிறிய பாக்கெட்டுகளுக்கு நடுவே 67.2 மைக்ரோ நொடி வரும். எண் அதே, அலகு மட்டும் ஆயிரம் மடங்கு பெரிது. வேக்ஸ் 11/780இன் துடிப்பு 5 மெகாஹெர்ட்ஸ். எனவே அதற்குக் கிடைத்த அவகாசம் சுமார் 336 துடிப்பு. இன்றைய 10 ஜிகாபிட் கம்பியில் 200. 100 ஜிகாபிட்டில் வெறும் 20. இன்றைய ப்ராசசர் ஒரு துடிப்பில் பல கட்டளைகளை முடித்துவிடும், வேக்ஸுக்கு ஒரு கட்டளைக்கே பல துடிப்புகள் தேவைப்பட்டன என்பது உண்மை. ஆனால் 2005 வாக்கில் கோரின் துடிப்பு வேகம் ஏறுவது ஏறக்குறைய நின்றுபோனது. கம்பியின் வேகம் நிற்கவில்லை. 10 போய் 40, பிறகு 100, 400 என்று ஏறிக்கொண்டே போனது. சாக்கெட்டின் பழைய ஒப்பந்தம் மூச்சுத் திணறத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

அறிகுறிகள் அதற்கு முன்பே தெரிந்தன. 1996இல் ஜெஃப்ரி மோகல், கே. கே. ராமகிருஷ்ணன் இருவரும் ஒரு விசித்திரமான நிலையை விளக்கினார்கள். பாக்கெட் வரத்து ஓர் எல்லையைத் தாண்டினால், ப்ராசசர் முழு நேரமும் இன்டரப்டுகளுக்குப் பதில் சொல்வதிலேயே கழிகிறது. வந்த பாக்கெட்டைப் பயன்படுத்த வேண்டிய நிரலுக்கு முறையே வருவதில்லை. இயந்திரம் உச்ச வேகத்தில் உழைக்கிறது, ஆனால் உருப்படியாக முடிந்த வேலை பூஜ்யத்தை நோக்கி இறங்குகிறது. லினக்ஸ் பின்னாளில் ஏற்றுக்கொண்ட தீர்வு இது: முதல் பாக்கெட்டுக்கு மட்டும் இன்டரப்ட், அது வந்ததும் இன்டரப்டை அணைத்துவிட்டு, வரிசை காலியாகும்வரை கெர்னலே ரிங் பஃபரைத் திரும்பத் திரும்ப எட்டிப் பார்ப்பது. இதை போலிங் என்கிறார்கள்.

கெர்னலைச் சுற்றிக்கொண்டு போவது

பைபாஸ் அந்த யோசனையைக் கடைசி எல்லைவரை கொண்டுபோகிறது. 1995இலேயே கார்னெல் பல்கலைக்கழகத்தில் யூ-நெட் என்ற ஆய்வு, நிரல் நேராகக் கார்டோடு பேசும் வழியைக் காட்டியது. அதை எழுதியவர்களில் ஒருவரான வெர்னர் வோகல்ஸ் பிற்பாடு அமேசானின் தலைமைத் தொழில்நுட்ப அதிகாரி ஆனார். பரவலாகப் புழக்கத்துக்கு வந்தது இன்டெல் நிறுவனத்தில் உருவான டிபிடிகே. அதன் தந்தை என்று அந்தத் துறையினர் குறிப்பிடும் வெங்கி வெங்கடேசன் 2018இல் மறைந்தார். அந்த ஆண்டு வெளிவந்த ஒரு பதிப்புக்கு அவர் பெயரையே சூட்டினார்கள்.

டிபிடிகே செய்வது மூன்று காரியம். முதலாவதாக, பாக்கெட்டுகளுக்கான நினைவகத்தைத் தொடக்கத்திலேயே பெரிய பெரிய பக்கங்களாக ஒதுக்கிவிடுகிறது. கார்டு எழுதும் இடமும் நிரல் படிக்கும் இடமும் ஒன்றே, நகலெடுப்பே இல்லை. இரண்டாவதாக, இன்டரப்டை அடியோடு நிறுத்திவிட்டு ஒரு கோரை முழு நேர போலிங்குக்கே நேர்ந்துவிடுகிறது. மூன்றாவதாக, பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாகத் தொடாமல் 32, 64 என்று கொத்தாக எடுக்கிறது. ஒருமுறை செய்யும் செலவு அத்தனைக்கும் பங்காகிவிடுகிறது.

இந்த மூன்றில் கடைசிக்கு எவ்வளவு வலு என்பதை ரிட்சோவின் நெட்மேப் காட்டியது. நெட்மேப்பில் கார்டின் கட்டுப்பாடு கெர்னலிடமே இருக்கிறது, சிஸ்டம் காலும் உண்டு. ஆனால் ஒரு காலுக்கு ஒரு பெரிய கொத்து. 900 மெகாஹெர்ட்ஸுக்குக் குறைத்து ஓடவிட்ட ஒரே ஒரு கோரே, தொடக்கத்தில் சொன்ன 1 கோடியே 48 லட்சத்து 80 ஆயிரத்தை முழுமையாக அனுப்பிக் காட்டியது. பாக்கெட்டுக்குச் சுமார் 60 துடிப்புதான் ஆகிறது. கெர்னலுக்குள் போய்வருவதைவிட, அற்ப காரியத்துக்கெல்லாம் தனித்தனியாகப் போய்வருவதுதான் செலவு.

கார்டு காணாமல் போன கணினி

டிபிடிகேயை முதன்முதலில் நிறுவுகிறவர் காணும் காட்சி இது. கார்டின் ஒரு போர்ட்டைக் கெர்னலிடமிருந்து பிரித்து டிபிடிகேயிடம் ஒப்படைக்கும் கட்டளை ஒரே வரிதான். அதை அடித்துவிட்டு இடைமுகங்களின் பட்டியலைக் கேட்டால் அந்த போர்ட் பட்டியலிலேயே இருக்காது. பக்கத்துக் கணினியிலிருந்து பிங் அடித்தால் பதில் வராது. கார்டும் கம்பியும் நன்றாகவே இருக்கின்றன. "இந்த ஐபி முகவரி யாருடையது?" என்ற ஏஆர்பி கேள்விக்கு இத்தனை நாள் பதில் சொல்லிக்கொண்டிருந்தது கெர்னல். இப்போது அந்தக் கேள்வி அதன் காதுக்கே எட்டவில்லை. பதில் வேண்டுமானால் உங்கள் நிரல்தான் சொல்ல வேண்டும். எஸ்எஸ்எச் இணைப்பும் அதே போர்ட் வழியாக வந்திருந்தால் கட்டளை அடித்த கணமே திரை உறைந்துவிடும். அதனால்தான் அனுபவசாலிகள் நிர்வாகத்துக்கென்று தனியாக ஒரு போர்ட்டை விட்டுவைக்கிறார்கள்.

டிசிபிடம்ப் எதையும் காட்டாது. ஃபயர்வால் விதிகள் எழுதியபடியே கிடக்கும், ஆனால் எந்தப் பாக்கெட்டும் அவற்றைக் கடந்து போகாது. இரவு மூன்று மணிக்கு ஒரு பாக்கெட்கூட வராதபோதும் டாப் கட்டளை அந்தக் கோரை 100 சதவீதம் என்றே காட்டும். மின்சாரமும் அதற்கேற்பச் செலவாகும். வேலை இருக்கிறதா இல்லையா என்பதை அந்த எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. கண்காணிப்புக் கருவிகளையெல்லாம் மறுபடி அமைக்க வேண்டும்.

இவற்றைவிடப் பெரிய இழப்பு டிசிபி. 1986 அக்டோபரில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துக்கும் நடுவே இருந்த இணைப்பு, நொடிக்கு 32 கிலோபிட்டிலிருந்து 40 பிட்டுக்கு விழுந்தது. இரண்டு இடங்களுக்கும் தொலைவு 400 கெஜம்தான். நெரிசலில் தொலைந்த பாக்கெட்டுகளை எல்லோரும் விடாமல் மறுபடி மறுபடி அனுப்ப, நெரிசல் இன்னும் கூடியதுதான் காரணம். வேன் ஜேக்கப்சன், மைக்கேல் கேரல்ஸ் இருவரும் அதை ஆராய்ந்து 1988இல் வெளியிட்ட நெரிசல் கட்டுப்பாட்டு முறைகள் அன்றிலிருந்து கெர்னல்களின் டிசிபிக்குள் இருக்கின்றன. அதன்மேல் முப்பது ஆண்டுக்கும் மேலான திருத்தங்கள், பாதுகாப்பு அடைப்புகள், உலகின் ஏதோ ஒரு மூலையில் ஏதோ ஒரு பழைய ரவுட்டர் செய்யும் கோளாறுக்கான மாற்றுவழிகள். கெர்னலைத் தாண்டிப் போகிறவர் இத்தனையையும் தாண்டிப் போகிறார். வேறு யாராவது எழுதிய டிசிபியைச் சேர்த்துக்கொள்ளலாம்தான். ஆனால் அதன் பிழைகளுக்குப் பொறுப்பு இனி உங்கள் குழு.

யாருக்குக் கட்டுப்படியாகும்?

இப்போது சுமைக்கூலிக் கணக்குக்கு வரலாம். ஒரு பாக்கெட்டை வைத்து உங்கள் நிரல் செய்யும் வேலை எவ்வளவு, அதைக் கொண்டுவந்து சேர்க்கக் கெர்னல் வாங்கும் கூலி எவ்வளவு? இந்த இரண்டின் விகிதமே முடிவைச் சொல்லிவிடும்.

கூகுளின் மேக்லெவ் என்ற சுமைப் பங்கீட்டு நிரல் 2008இலிருந்து பயன்பாட்டில் இருக்கிறது. வரும் பாக்கெட்டின் முகவரிகளைப் பார்த்து, அது எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்று தீர்மானித்து, மேலே ஓர் உறை சுற்றி அனுப்பிவிடுவதுதான் அதன் வேலை. இவ்வளவு சின்னச் சிந்தனைக்குக் கெர்னலின் கூலியையும் கொடுப்பது கட்டாது. மேக்லெவ் கெர்னலைத் தாண்டியே போகிறது. டிசிபி இணைப்பை அது தானே முடித்துவைப்பதில்லை, எனவே மேலே சொன்ன பெரிய இழப்பும் அதற்கு இல்லை. 5ஜி வலையமைப்பில் பயனாளர்களின் தரவைக் கடத்தும் பகுதி, மென்பொருள் ரவுட்டர்கள், ஸ்விட்ச்கள் எல்லாம் இதே ரகம்.

பங்குச் சந்தை வேறு ரகம். அங்கே கவலை பாக்கெட்டின் எண்ணிக்கையைப் பற்றியதல்ல, ஒவ்வொன்றும் எவ்வளவு சீக்கிரம் வந்தது என்பதைப் பற்றியது. தூங்கும் நிரலை எழுப்பி அதன் முறை வரும்வரை காத்திருப்பதில் பல மைக்ரோ நொடிகள் கழிந்துவிடலாம். சோலார்ஃப்ளேர் நிறுவனம் உருவாக்கிய ஓபன்ஆன்லோட் இதற்கு ஒரு சாமர்த்தியமான வழி கண்டது. நிரல் வழக்கம்போல் சாக்கெட் அழைப்புகளையே செய்யும். ஓபன்ஆன்லோட் அவற்றை நடுவில் பிடித்து, கெர்னலுக்கு அனுப்பாமல், நிரலின் நினைவகத்திலேயே இருக்கும் ஒரு டிசிபியிடம் கொடுத்துவிடும். பழைய நிரலில் ஒரு வரியைக்கூட மாற்ற வேண்டாம்.

ஆனால் தூரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கண்ணாடி இழையில் ஒளி ஒரு கிலோமீட்டர் போக 5 மைக்ரோ நொடி ஆகிறது. பைபாஸ் மிச்சம்பிடிக்கும் சில மைக்ரோ நொடி என்பது ஓரிரு கிலோமீட்டர் இழைக்குச் சமம். தேசியப் பங்குச் சந்தை இருப்பது மும்பையில். அதே கட்டடத்துக்குள் கணினியை வைத்திருப்பவருக்கு அந்த மைக்ரோ நொடி பணம். சென்னையிலிருந்து ஆர்டர் அனுப்புகிறவருக்கோ நேர்கோட்டில் அளந்தாலே 1,000 கிலோமீட்டருக்கு மேல். ஒளி ஒருவழி போகவே 5,000 மைக்ரோ நொடி. அவர் பைபாஸ் கார்டு வாங்கினால் லாபம் கார்டு விற்றவருக்குத்தான்.

சாதாரண வலைச் செயலியின் நிலையும் அப்படியே. ஒரு வேண்டுகோள் வருகிறது, தரவுத்தளத்தைக் கேட்க 2 மில்லி நொடி ஆகிறது, பக்கத்தைத் தயாரிக்க இன்னும் ஒன்று. இந்த 3,000 மைக்ரோ நொடியில் கெர்னலின் நெட்வொர்க் பங்கு 20 மைக்ரோ நொடி என்றே வைத்துக்கொள்வோம். அதை முழுவதுமாக ஒழித்தாலும் மிச்சம் ஒரு சதவீதம்கூட இல்லை. விடுபட்ட ஓர் இண்டெக்ஸைத் தரவுத்தளத்தில் சேர்த்தால் இதைவிடப் பல மடங்கு கிடைக்கும்.

கெர்னலுக்குள்ளேயே 400 ஜிகாபிட்

பெரிய அளவு என்றாலே பைபாஸ்தான் என்று நினைப்பவர்கள் நெட்ஃபிளிக்ஸைப் பார்க்க வேண்டும். 2021இல் அந்நிறுவனத்தின் பொறியாளர்கள் ஒரே சர்வரிலிருந்து நொடிக்கு ஏறத்தாழ 400 ஜிகாபிட் வீடியோவை, மறையாக்கம் செய்தே, அனுப்பிக் காட்டினார்கள். இயங்குதளம் ஃப்ரீபிஎஸ்டி. டிசிபி அதன் கெர்னலில் உள்ளதுதான்.

அது எப்படி? ஓடிடியில் போவது பெரிய பாக்கெட்டுகள். அதிலும் கெர்னல் பாக்கெட் பாக்கெட்டாக வேலை செய்வதில்லை. 64 கிலோபைட் வரையான ஒரே துண்டைக் கார்டிடம் கொடுத்துவிடும். அதை 1,500 பைட் பாக்கெட்டுகளாக நறுக்குவது கார்டின் வேலை. ஒரு கூலியில் நாற்பதுக்கும் மேற்பட்ட பாக்கெட்டுகள். அதோடு சென்ட்ஃபைல் என்ற சிஸ்டம் கால், டிஸ்கிலிருந்து வரும் தரவை நிரலின் பக்கம் கொண்டுவராமலே நெட்வொர்க்குக்குத் திருப்பிவிடுகிறது. மறையாக்கமும் கெர்னலுக்குள், பிறகு கார்டுக்குள்ளேயே நடக்கும்படி மாற்றினார்கள். டிபிடிகே கெர்னலை ஒதுக்கியது என்றால், இங்கே ஒதுக்கப்பட்டது நிரல். இரண்டு வழியிலும் மிச்சமானது ஒன்றுதான்: கெர்னலுக்கும் நிரலுக்கும் நடுவே தரவை இங்குமங்கும் தூக்கிச் சுமக்கும் செலவு.

நடுவழிகள்

லினக்ஸும் சும்மா இருக்கவில்லை. 2016இல் வந்த எக்ஸ்டிபி, பாக்கெட்டுக்கு விவரக் குறிப்பு தயாரிப்பதற்கு முன்பே, டிரைவரின் வாசலிலேயே, நாம் எழுதிய சிறு நிரல் ஒன்றை ஓடவிடுகிறது. வேண்டாத பாக்கெட்டை அங்கேயே தூக்கி எறியலாம், வேறு பக்கம் திருப்பலாம், அல்லது "இது நல்ல பாக்கெட்" என்று வழக்கமான பாதையில் விட்டுவிடலாம். ஒரே கோரில் நொடிக்கு 2 கோடியே 40 லட்சம் பாக்கெட்டுகளை எறிய முடிந்தது என்று 2018இல் அதை உருவாக்கியவர்கள் காட்டினார்கள். தாக்குதல் பாக்கெட்டுகளை வடிகட்ட ஒருகாலத்தில் பைபாஸைப் பயன்படுத்திய கிளவுட்ஃப்ளேர், அதே ஆண்டில் எக்ஸ்டிபிக்கு மாறியது. அவர்களுடைய ஒவ்வொரு சர்வரும் வலை, டிஎன்எஸ் என்று பல சேவைகளைச் சேர்த்தே நடத்துகிறது. ஒரு நிரல் மட்டும் கார்டை முழுக்க எடுத்துக்கொண்டால் மற்றவை எங்கே போகும்? எக்ஸ்டிபியில் கார்டு கெர்னலிடமே இருக்கிறது, டிசிபியும் போகவில்லை.

2019இல் வந்த ஐஓ யூரிங், சிஸ்டம் கால்களைக் கொத்தாக்கும் வழி. ஒரே அழைப்பில் பல யுடிபி பாக்கெட்டுகளை வாங்கும் வசதியும், ஒரே போர்ட் எண்ணைப் பல கோர்கள் பங்கிட்டுக்கொள்ளும் வசதியும், சாக்கெட்டிலேயே போலிங் செய்யும் வசதியும் அதற்கு முன்பே வந்துவிட்டன. பைபாஸ் கற்றுக்கொடுத்த பாடங்களைக் கெர்னல் ஒவ்வொன்றாகத் தன் வீட்டுக்குள் கொண்டுவந்துகொண்டிருக்கிறது. அதனால் பத்து ஆண்டுகளுக்கு முன் பைபாஸைத் தவிர வேறு வழி இல்லாதிருந்த பல வேலைகளுக்கு இன்று அது தேவையில்லை.

ஆகவே முடிவெடுக்கும் வரிசை இப்படி இருக்கலாம். முதலில் ஜிகாபிட்டை விட்டுவிட்டு நொடிக்கு எத்தனை பாக்கெட் என்று எண்ணுங்கள். செலவு பாக்கெட்டின் எண்ணிக்கையோடு போகிறது, எடையோடு அல்ல. அடுத்து, பெர்ஃப் கருவியை ஓடவிட்டு, ப்ராசசரின் நேரத்தில் கெர்னலின் நெட்வொர்க் பகுதி எத்தனை சதவீதம் தின்கிறது என்று பாருங்கள். அது 8 சதவீதம் என்றால், பைபாஸ் அதைப் பூஜ்யமாக்கினாலும் உங்கள் நிரல் 1.09 மடங்குதான் வேகமாகும். அதற்காக ஏஆர்பியிலிருந்து எல்லாவற்றையும் சொந்தமாக எழுதுவது வேண்டாத வேலை. 40 சதவீதம் என்றால் கொத்தாக வாங்கும் அழைப்புகளையும் எக்ஸ்டிபியையும் முயன்று பாருங்கள். பெரும்பாலும் அங்கேயே தேவை தீர்ந்துவிடும். 80 சதவீதத்தைத் தாண்டி, உங்கள் வேலைக்கு டிசிபியும் தேவையில்லை, கார்டைத் தனியாக ஒதுக்கவும் முடியும் என்றால் தயங்காமல் டிபிடிகேயை எடுங்கள். ஐந்து மடங்கு வேகம் காத்திருக்கிறது. இந்தச் சதவீதத்தை அளக்காமல் எதைத் தேர்ந்தெடுத்தாலும் அது வெறும் குருட்டு நம்பிக்கைதான். அளப்பதற்குத் தேவை ஒரு கட்டளையும் அரைமணி நேரமும்.